சாவியக்கா செத்து ஆறு வருஷம்

"நீங்க இறந்து ஆறு வருஷம் ஆச்சும்மா," என்றார் வரி அதிகாரி.

சாவியக்கா கையில் கணவனின் இறப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவன் போய்ச் சேர்ந்ததைத் தெரிவிக்கத்தான் வந்திருந்தாள். வந்த இடத்தில் தன் சாவையும் சேர்த்துச் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

"யாரு, நானா?"

"இந்தப் பேர்ல இருக்கறவங்க. பூட்டுக்கடைக்காரரோட மனைவி. ஆறு வருஷமா அவர் தாக்கல் பண்ணின ஒவ்வொரு கணக்குலயும் மனைவி பேருக்கு முன்னால 'லேட்'னு இருக்கு. கீழ அவரே கையெழுத்துப் போட்டிருக்கார்."

சுவரில் சாய்ந்து நின்ற பல்லு, "என்னக்கா இது, இவ்வளவு பழகியும் சாவுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலையே," என்றான்.

"பல்லு!" என்றாள் கொக்கி.

அவன் வாயை மூடினான். மூடினாலும் முன்பற்கள் வெளியேதான் நிற்கும். பெயர் வந்த காரணம் அதுதான். கொக்கியின் பெயருக்கும் காரணம் உண்டு. யார் என்ன சொன்னாலும் அதில் ஒரு கேள்வியை மாட்டி இழுப்பாள். ஐம்பது வயதைத் தாண்டியும் அந்தப் புத்தி போகவில்லை, போகாததால் துப்பறிந்து பிழைக்கிறாள். பல்லு அவளிடம் சம்பளத்துக்கும் திட்டுக்கும் வேலை பார்க்கிறான்.

கொக்கியின் அலுவலகக் கதவு வருஷத்துக்கு இரண்டு முறையாவது மக்கர் பண்ணும். ஒவ்வொரு முறையும் வந்து திறந்துவிட்டுப் போவது சாவியக்காதான். நேற்று திறந்தவள் கூலி வாங்க மறுத்துவிட்டு, "அதுக்குப் பதிலா எங்கூட வரி ஆபீசுக்கு வாங்க. என்னமோ கேக்கறாங்க, எனக்குப் புரியலை," என்றாள். இப்போது மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது.

பூட்டுக்கடைக்காரர் இறந்து மூன்று மாதமாகிறது. கடையில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய கடைசி வருஷக் கணக்கைத் தாக்கல் செய்ய ஒரு வாரிசு வேண்டும். யார் வாரிசு என்று இந்த அதிகாரி எழுதித் தருகிறாரோ, அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் வங்கியும் பத்திர ஆபீசும் அசையும். கீழே கடை, மேலே வீடு, இரண்டும் அவர் பெயரில். பிள்ளைகள் கிடையாது. சாவியக்கா முப்பது வருஷமாக அந்தக் கடையில்தான் சாவி வெட்டுகிறாள்.

"சார், எங்க அண்ணி தங்கமானவங்க," என்று வாசல் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. இறந்தவரின் தம்பி, சாவியக்காவின் கொழுந்தன். தானே வாரிசு என்று விண்ணப்பம் கொடுத்திருந்தான். "மகராசி, போய்ச் சேர்ந்துட்டாங்க. இந்தம்மா கடையில சாவி வெட்டிட்டு இருந்தவங்க. அண்ணன் இரக்கப்பட்டு மாடியில தங்க விட்டார். அதைச் சாக்கா வச்சு இப்ப எங்க அண்ணி பேரையே எடுத்துக்கிட்டாங்க."

சாவியக்கா போட்ட சோற்றைப் பத்து வருஷம் தின்றவன் அவன். அவள் முகத்தைப் பார்த்தே இதைச் சொன்னான், குரலில் ஒரு பிசிறுகூட இல்லை.

"அடையாள அட்டை இருக்கு சார்," என்றாள் அவள்.

"அதுல இருக்கற பேரும் செத்தவங்க பேரும் ஒண்ணா இருக்கு. அதுதான் எனக்கு இன்னும் உதைக்குது. கல்யாணத்தைப் பதிவு பண்ணியிருக்கீங்களா?"

"அப்பல்லாம் யாரு சார் பதிவு பண்ணினா?"

அதிகாரி பேனாவை மூடினார். "அப்ப நீங்க யாரும்மா? மனைவி இறந்ததுக்கு அப்புறம் அவர்கூட ஒரே வீட்டுல இருந்திருக்கீங்க. அதுக்கு என்ன பேரு? நான் என்னன்னு எழுதறது?"

அவர் கெட்டவர் இல்லை. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, அதை நிரப்பக் கேட்டார். சாவியக்காவின் காது மடல் சிவந்துபோனது. முப்பது வருஷத்துப் பெண்டாட்டியை ஒரே கேள்வியில் வைப்பாட்டி ஆக்க இந்த மாதிரி நல்லவர்களால்தான் முடியும்.

"அக்கம்பக்கத்துல கேளுங்க," என்றாள் கொக்கி.

"அதெல்லாம் கோர்ட்ல சொல்லுங்க. நான் பேப்பரைப் பாக்கறவன்."

"கோர்ட்டுன்னா எத்தனை வருஷம் இழுக்கும்? அதுக்குள்ள இவர் கடையை வித்துட்டுப் போயிட்டார்னா?"

கொழுந்தன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்குக் காலைல முடிவு பண்ணிடுவேன்," என்றார் அதிகாரி. "அந்த 'லேட்' எப்படி வந்துச்சுன்னு அதுக்குள்ள சொல்லுங்க. இல்லைன்னா இவர் பேருக்குப் பதிவு பண்ணிடுவேன்."

வெளியே வந்து படி இறங்கும்போது சாவியக்கா பின்தங்கிவிட்டாள்.

"என்னக்கா, செத்தவங்க இவ்வளவு மெதுவாத்தான் நடப்பாங்களா?" என்றான் பல்லு.

"நான் எப்பவும் இப்படித்தான்பா. கல்யாணத்துக்கே நேரம் கழிச்சுத்தான் வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரர் அதுக்குன்னே எனக்கு ஒரு பேர் வச்சிருந்தார்." லேசாகச் சிரித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "ஏன் அப்படி எழுதினார்? நான் என்ன பண்ணினேன் அவருக்கு?"

பல்லு கொக்கியின் காதில், "வேற ஒண்ணு இருக்கும் மேடம். இவங்களைத் தீர்த்தாத்தானே அங்க மாப்பிள்ளை ஆகலாம்," என்றான்.

"நீ பாக்கற சினிமாவை எல்லாம் எங்கிட்ட ஓட்டாத. அந்தக் கணக்கை எழுதினது யாரு?"

"ஆடிட்டர்."

"வண்டியைப் பிடி."

ஆடிட்டரின் அலுவலகம் ஒரு செருப்புக்கடைக்கு மேலே இருந்தது. படியெல்லாம் புது ரப்பர் நாற்றம். ஆடிட்டர் ஒல்லியாக, எதற்கோ பயந்தவர் மாதிரி இருந்தார். பூட்டுக்கடை என்றதும் சாவியக்காவை ஒரு முறை பார்த்துவிட்டு மேசைமேல் இருந்த ஸ்டேப்ளரை இடம் மாற்றி வைத்தார்.

"கிளையன்ட் சொல்றதை நாங்க எழுதறோம். அவ்வளவுதான் எங்க வேலை," என்றார்.

"யார்கிட்ட சொன்னார்?"

"எங்கிட்டதான்," என்றாள் மூலையிலிருந்த டைப்பிஸ்ட். கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிக் கழுத்தில் போட்டிருந்தாள். "காதுல விழறதை அப்படியே அடிப்பேன். சொந்தமா ஒரு கமாகூடப் போட மாட்டேன்."

"என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா? போன்லதான் பேசினார். அவசரத்துல இருந்தார், பின்னாடி மிஷின் சத்தம் வேற. கடை விவரம், வீட்டு விவரம் எல்லாம் சொல்லிட்டார். 'மனைவி சார்?'னு கேட்டேன். 'அவ லேட்டும்மா'ன்னார். எனக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சு. 'ரொம்ப வருத்தம் சார்'னேன். அவர் சிரிச்சார். 'எனக்குப் பழகிடுச்சும்மா'ன்னார். பாவம், துக்கத்தை மறைக்கச் சிரிக்கறார்னு நினைச்சேன். பழைய ஃபைல்ல இருந்து பேரை எடுத்து, முன்னால 'லேட்' சேர்த்து அடிச்சேன்."

கொக்கி மெதுவாகத் திரும்பினாள். "சாவியக்கா, உங்க வீட்டுக்காரர் உங்களுக்கு என்ன பேர் வச்சிருந்தார்?"

சாவியக்கா டைப்பிஸ்டை ஒரு முறை பார்த்தாள்.

"லேட்டு," என்றாள்.

"அவர் போன் இருக்கா?" என்று கொக்கி கையை நீட்டினாள். சாவியக்கா பையைத் துழாவி, மூன்று மாதமாகச் சார்ஜ் போட்டுப் போட்டு வைத்திருந்த கணவனின் போனை எடுத்துக் கொடுத்தாள். கொக்கி அதில் சாவியக்காவின் நம்பரை அழுத்தினாள். பைக்குள் இருந்த இன்னொரு போன் அலறியது. கையிலிருந்த போனின் திரையில் 'லேட்டு' என்று வந்தது.

முதலில் சிரித்தது பல்லுதான். டைப்பிஸ்ட் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சாவியக்கா சிரித்தாள், சிரிப்போடு கண்ணீரும் வந்தது, இரண்டையும் முந்தானையால் துடைத்தாள்.

"பின்னாடி ஓடிட்டிருந்த மிஷின்ல உக்காந்திருந்தது நான்தான்," என்றாள். "என்னை ஒண்ணும் கொல்லலை அவர். கூப்பிட்டிருக்கார். அவ்வளவுதான்."

நடந்ததை எழுதித் தருவதாக ஆடிட்டர் ஒப்புக்கொண்டார். லெட்டர்பேட் உள்ளறையில் இரும்பு பீரோவில் இருந்தது. பீரோ காலையிலிருந்து திறக்க மாட்டேன் என்கிறதாம்.

"நான் பாக்கறேன்," என்று சாவியக்கா எழுந்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக வாய்க்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு உள்ளே போனாள். துப்பு கிடைத்தது, கேஸ் முடிந்தது, பல்லு கிளம்பத் தயாராகிவிட்டான். கொக்கி மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"முதல் வருஷம் காதுல விழுந்த தப்பு. சரி. ரெண்டாவது வருஷம்?"

ஆடிட்டர் ஸ்டேப்ளரைத் திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

"அவர் பூட்டுக்காரர்," என்றாள் கொக்கி. "சாவியோட ஒவ்வொரு பல்லையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கற ஆளு. படிக்காமலா அஞ்சு வருஷம் கையெழுத்துப் போட்டார்?"

"இதை நான் எழுதித் தர மாட்டேன். என் லைசன்ஸ் போயிடும்."

"எழுத வேண்டாம். சொல்லுங்க."

"படிச்சார். நேரா என் ரூமுக்கு வந்து, 'யோவ், உயிரோட இருக்கறவளைக் கொன்னுட்டீங்களேய்யா'ன்னார். திருத்திடலாம்னேன். பழைய வருஷத்தையும் சேர்த்துத் திருத்தணும், அலைச்சல்னும் சொன்னேன். 'அப்படியே விட்டா என்ன ஆகும்?'னார். 'வரியில ஒண்ணும் மாறாது. உங்களுக்கு அப்புறம் எல்லாம் தம்பிக்குப் போயிடும். வேற ஒண்ணும் இல்லை'ன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"கொஞ்ச நேரம் யோசிச்சார். அப்புறம், 'இருக்கட்டும்'னுட்டுப் போயிட்டார்."

உள்ளறையில் முனகல் நின்றிருந்தது. பூட்டோடு மல்லுக்கட்டுகிறாள் போலிருக்கிறது என்று கொக்கி நினைத்தாள்.

"மேடம், இதை அக்காகிட்ட சொல்லிடாதீங்க," என்றான் பல்லு.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் கொக்கி.

சாவியக்கா லெட்டர்பேடோடு வந்து அதை மேசைமேல் வைத்தாள். பூட்டைத் தொட்டால் அவள் விரலில் கறுப்புப் பிசுக்கு ஒட்டாமல் இருக்காது. இன்று விரல்கள் சுத்தமாக இருந்தன. கொக்கி அதைப் பார்த்தாள், பார்த்ததோடு சரி. அவள் புத்தி அதற்குள் மறுநாள் காலைக்குப் போய்விட்டிருந்தது.

மறுநாள் அதிகாரி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். போனையும் வாங்கிப் பார்த்தார்.

"கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா முதல் வருஷத்துத் தப்பை அடுத்த வருஷம் ஏன் அவர் திருத்தலை? படிக்காம கையெழுத்துப் போடறவரா?"

கொழுந்தன் முந்திக்கொண்டான். "கேளுங்க சார், நல்லாக் கேளுங்க. போன்ல யாரு வேணா யாரு பேரை வேணா மாத்தலாம். செல்லப்பேர் வச்சுட்டா பொண்டாட்டி ஆயிடுமா? எங்க வீட்டு நாய்க்குக்கூடத்தான் செல்லப்பேர் இருக்கு."

சாவியக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தம்மாதான் அவர் மனைவின்னு குடும்பத்துல ஒருத்தர் சொல்லட்டும், இப்பவே முடிச்சுக் கொடுத்துடறேன்," என்றார் அதிகாரி. "ஆனா குடும்பம்னு இருக்கறதே இவர் ஒருத்தர்தான்."

"இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது சார்."

"நியாயம்தான்," என்றாள் கொக்கி. குரலில் அப்படி ஒரு பரிவு. "அவருக்குத் தெரிஞ்சாத்தானே சார் சொல்வார்? அண்ணன் அவரை வாசப்படி தாண்ட விட்டதே இல்லையாம்."

கொழுந்தன் திரும்பினான். "யாரை?"

"உங்களைத்தான். கல்லாப் பக்கம் உக்கார விட்டதில்லையாமே. வீட்டு விஷயம், மனசுல இருக்கற விஷயம், எதையும் உங்ககிட்ட பேச மாட்டாராம்."

பல்லு பிடித்துக்கொண்டான். "விடுங்க மேடம், பாவம். கூடப் பிறந்தவர்னு பேருதான். டூப்ளிகேட் சாவி போட வந்த கஸ்டமருக்குத் தெரிஞ்சதுகூட இவருக்குத் தெரியாது."

"ஏய், பாத்துப் பேசு! எங்கண்ணன் எங்கிட்ட சொல்லாத விஷயமே கிடையாது."

"இந்த ஒரு விஷயத்தைச் சொல்லலையே," என்றாள் கொக்கி. "அந்த 'லேட்டு'ங்கற பேருல அவர் எவ்வளவு பாசம் வச்சிருந்தார்னு உங்களுக்கு எங்க தெரியப்போகுது? அது அவங்க ரெண்டு பேருக்குள்ள."

"பாசமா?" கொழுந்தன் சிரித்தான். முகமெல்லாம் சிவந்துவிட்டது. "பாசமாம், பாசம்! அந்தப் பேப்பரை எடுத்துட்டு வந்து எங்கிட்ட காட்டினதே எங்கண்ணன்தான்! விழுந்து விழுந்து சிரிச்சார். 'பாருடா, எங்க போனாலும் லேட்டாப் போறவ, இதுல மட்டும் எனக்கு முன்னாடி போயிட்டா'ன்னார். திருத்தலையான்னு நான்தான் கேட்டேன். 'எதுக்குடா? உங்க அண்ணி பேப்பர்லயாவது சீக்கிரம் போகட்டும்'னார். எங்கிட்ட! எங்கிட்டதான் சொன்னார்! பாசமாம்..."

அதிகாரியின் பேனா நின்றுவிட்டது.

"யாரு போகட்டும்னார்?" என்று கேட்டாள் கொக்கி.

"அண்ணி..."

"எந்த அண்ணி? உங்க அண்ணி அதுக்கு முன்னாடியே செத்துட்டாங்கன்னு நேத்து சொன்னீங்களே. செத்தவங்களைப் பாத்துப் 'போகட்டும்'னு எதுக்குச் சொல்வார்?"

கொழுந்தனின் கண் அவனைக் கேட்காமலே சாவியக்காவின் பக்கம் போனது. அதிகாரி அந்தப் பார்வையைப் பார்த்தார். கொழுந்தனின் விண்ணப்பத்தை எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரமாக வைத்தார்.

கடை தப்பித்தது. கொக்கிக்கு வழக்கமாக வரும் திமிர் இன்று வரவில்லை. சொல்ல மாட்டேன் என்றவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் வாயைக் கிண்டிச் சொல்ல வைத்துவிட்டாள், அதுவும் சம்பந்தப்பட்டவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது. வேறு வழி இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான், ஆனாலும் சாவியக்காவின் பக்கம் அவள் திரும்பவில்லை.

சாவியக்கா முதல் தடவையாகத் தலையைத் தூக்கிக் கொழுந்தனைப் பார்த்தாள்.

"விழுந்து விழுந்து சிரிச்சாரா?"

அவன் கைக்குட்டையைத் தேடினான்.

"எங்க வச்சு? கடையிலயா?"

"...கடையிலதான்."

"நான் எங்க இருந்தேன்?"

"மிஷின்ல."

"அதான்," என்றாள் சாவியக்கா. "அந்தச் சத்தத்துல கேட்டிருக்காது."

கொழுந்தன் எழுந்து போனான். கதவைச் சாத்தக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

அதிகாரி புதிய படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். மனசு கேட்காமல் ஒரு தம்ளர் தண்ணீரையும் நகர்த்தினார். "இங்க உங்க பேரு. இங்க உறவு, 'மனைவி'ன்னு எழுதுங்க. இந்த இடத்துல அவர் பேரு. மறக்காம முன்னால 'லேட்' போட்டுடுங்கம்மா."

சாவியக்கா எழுதினாள். பேனாவை அழுத்திப் பிடித்து, நிதானமாக, சாவியில் பல் வெட்டுவதுபோல எழுதினாள். பல்லு எட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் அது சரியான ஆள் பேருக்கு முன்னாடி வந்திருக்கு," என்றான்.

அதிகாரி படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா, 'லேட் லேட்'னு ரெண்டு தடவை எழுதியிருக்கீங்க? ஒரு தடவை செத்தாப் போதும். ஒண்ணை அடிச்சுடுங்க."

சாவியக்கா பேனாவை மூடி அவர் மேசையிலேயே வைத்தாள்.

"இருக்கட்டும்," என்றாள்.

கொக்கி நிமிர்ந்தாள். அது ஆடிட்டரின் வாயிலிருந்து நேற்று வந்த அதே வார்த்தை. நின்றுபோன முனகலும் பிசுக்கு ஒட்டாத விரல்களும் இப்போதுதான் அவளுக்கு உறைத்தன.

"சாவியக்கா," என்று மெதுவாகக் கேட்டாள். "நேத்து அந்த பீரோவைத் திறக்க ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா?"

"அது பூட்டியே இல்லை மேடம்," என்றாள் சாவியக்கா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. "கைப்பிடியை மேல தூக்கணும். ஆடிட்டர் கீழ அமுக்கிட்டு இருந்திருக்கார். போனதும் திறந்துடுச்சு."